ஓய்ந்த இயந்திரமும் ஓயாப் பயிற்சியும்

பறவையைப் போல வானிற் பறத்தல் வேண்டும் என்பது மாந்தன் நெடுநாளாகக் கொண்டிருந்த ஆசை. அவ்வாசை நிறைவேறி ஒரு நூற்றாண்டிற்கு மேலாயிற்று. இந்நாளில் விமானம் வானிற் செல்வது எவர்க்கும் வியப்பன்று. அது வழியில் தவறி மண்ணுக்கு வருவதே வியப்பாகப் பேசப்படுகின்றது. 2025 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 13 ஆம் நாள், சேலத்திலிருந்து எழுந்த செஸ்னா 172 என்னும் சிறு பயிற்சி விமானம் ஒன்று, வானிற் கோளாறுற்று, புதுக்கோட்டை மாவட்டத்தில் நார்த்தாமலைக்கு அருகே திருச்சிராப்பள்ளியினின்று புதுக்கோட்டை செல்லும் நெடுஞ்சாலையின் மேல் இறங்கிற்று. அதனுள் இருந்த இருவரும் உயிர் பிழைத்தனர். வண்டிகள் செல்லும் சாலையில் வானூர்தி வந்து நின்ற காட்சியைக் காண மக்கள் திரண்டனர்.

அச்செய்தி பரவிய அளவில் நாட்டார் இருவகையாகப் பேசினர். ஒரு சாரார், "ஆண்டவன் செயல், இல்லையேல் பிழைத்திருப்பரோ?" என்றனர். மற்றொரு சாரார், "விமானம் ஓட்டினவருடைய வீரமே வீரம்!" என்று புகழ்ந்தனர். தேனி மாவட்டத்தில் எம்மூர்த் தேநீர்க்கடை வாயிலிலும் இவ்விரு குரல்களே ஒலித்தன. இரண்டும் நன்னெஞ்சினின்று எழுந்த சொற்களே. இறையருளை யான் மறுப்பேனல்லேன். நாள்தோறும் கல்லூரிச் சிற்றாலயத்தில் தலைவணங்குவோருள் யானும் ஒருவன். வீரத்தையும் இகழேன். ஆயினும் அருளையும் வீரத்தையும் மட்டும் பேசுவோர், அவ்விரண்டிற்கும் நடுவே நிற்கும் ஒன்றைக் காணாது விடுகின்றனர். அது பயிற்சி.

நெருக்கடியிற் தோன்றும் அமைதி பிறவிக்குணம் அன்று. முன்னரே பன்முறை செய்து பழகிய ஓர் ஒழுங்கின் பயனே அது என்பது என் கொள்கை. அவ்வொழுங்கைப் போற்றாது, பிழைத்தவரை மட்டும் போற்றுதல், விளைச்சலைக் கொண்டாடி விதைநெல்லை மறப்பதனை ஒக்கும். புதுக்கோட்டை நிகழ்ச்சியின் காரணத்தை ஆராய்தல் அதற்குரிய துறையாரின் கடன். யான் அதனுட் புகேன். பறக்கும்போது இயந்திரம் ஓய்ந்துவிட்டால் பயிற்சி பெற்றவர் யாது செய்கின்றனர், எவ்வாறு அதனைச் செய்யப் பழகுகின்றனர் என்பதனை நூல்களிற் கற்ற அளவிலே கூறி, அதனால் நாம் கொள்ளவேண்டிய கருத்தை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்குதல் வேண்டும். இயந்திரம் நின்றவுடன் விமானம் கல்லைப் போல விழும் என்று நம்மிற் பலர் கருதுகின்றனர். அவ்வாறன்று. விமானத்தைத் தாங்குவது இறக்கைகளின் மேலும் கீழும் ஓடும் காற்றே; இயந்திரமோ அக்காற்று ஓடுமாறு விமானத்தை முன்னிழுக்கும் பணியையே செய்கின்றது. இயந்திரம் நின்றால் விமானி மூக்கைச் சிறிது தாழ்த்துகின்றார். மலைச்சரிவில் மிதிக்காமலே ஓடும் மிதிவண்டியைப் போல, விமானம் தன் உயரத்தைச் செலவிட்டு வேகத்தைப் பெறுகின்றது. செஸ்னா 172 போன்ற சிறு விமானம், மணிக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர் வேகத்தில் சறுக்கி வருமாயின், ஓர் அடி இறங்குவதற்குள் ஏறத்தாழ 9 அடி முன்செல்லும். 3,000 அடி உயரத்தில் இயந்திரம் நின்றதெனின், காற்று எதிர்க்காதபோது ஏறத்தாழ 8 கிலோமீட்டர் செல்லலாம். அதற்கு ஆகும் காலம் ஏறத்தாழ 4 நிமிடம். 1,000 அடியில் நின்றதெனின், 2.7 கிலோமீட்டரும் ஒன்றேகால் நிமிடமுமே கைவசம் உள்ளன.

இக்கணக்கை ஊன்றி நோக்குக. விமானியிடம் அப்போது இருக்கும் செல்வம் இரண்டு: உயரம், காலம். இரண்டும் நொடிதோறும் குறைகின்றன. மீண்டும் ஈட்டவும் இயலாது. கையிலுள்ள சிறு பொருளைக் கொண்டு பஞ்சகாலத்தைக் கடக்கும் குடும்பத்தலைவி எதனை முதலில் வாங்குவது, எதனைப் பின்னர் வாங்குவது என்று வரிசை அறிந்து செலவிடுவது போல, விமானியும் அந்நான்கு நிமிடங்களை வரிசை அறிந்து செலவிடல் வேண்டும். இவ்வரிசையே அக்கலையின் உயிர்நிலை.

அவ்வரிசை யாதெனின், முதலாவது விமானத்தைப் பறக்கவைத்தல். அஃதாவது சறுக்குதற்குரிய வேகத்தில் அதனை நிறுத்துதல். இரண்டாவது, இறங்குதற்குரிய இடத்தைத் தேர்ந்து அதனை நோக்கித் திருப்புதல். மூன்றாவது, காலம் இருக்குமாயின் இயந்திரத்தை மீண்டும் எழுப்ப முயலுதல். நான்காவது, மேடே என்னும் அபாயச் சொல்லை மும்முறை கூறி, தாம் யார், எங்குள்ளோம், யாது நேர்ந்தது என்பவற்றை ரேடியோ வழியே அறிவித்தல். ஐந்தாவது, இறங்குமுன் பெட்ரோலையும் மின்சாரத்தையும் அடைத்து, கதவின் தாழை நீக்கி, வார்களை இறுக்கி, இயன்ற அளவு குறைந்த வேகத்தில் நிலத்தைத் தொடுதல். கதவின் தாழை முன்னரே நீக்குவது ஏன் எனில், தரையில் மோதி உடல் நெளிந்தால் கதவு திறவாமற் போகலாம் என்பதற்காகவே.

இவற்றுள் உதவி கேட்டல் நான்காம் இடத்தில் நிற்பதைக் காண்க. துன்பம் வந்தவுடன் கூவுதல் மாந்தர் இயல்பு. ஆனால் வானில் இருப்பவனை மண்ணில் இருப்பவர் கைநீட்டித் தாங்க இயலாது. அவன் வேகத்தைக் கைவிட்டுப் பேசத் தொடங்குவானாயின், பேச்சு முடியுமுன் விமானம் தாங்குவிசையை இழந்து வீழலாம். ஆதலின் முதலிற் பறத்தல், அடுத்து வழிகாணல், அதன்பின்னரே செய்தி சொல்லல் என்று உலகெங்கணும் விமானப் பள்ளிகளிற் கற்பிக்கின்றனர்.

இயந்திரத்தை எழுப்பும் முயற்சியும் மனம்போன போக்கில் செய்வதன்று. இயந்திரம் ஓய்வதற்குக் காரணங்கள் சிலவே. கையும் அக்காரணங்களின் வழியே செல்கின்றது. பெட்ரோல் வருகின்றதா? ஒரு தொட்டி வறண்டிருப்பின் மற்றொன்றிற்கு மாற்றுக. பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவு தக்கதா? பொறி தட்டுகின்றதா? சிறு விமான இயந்திரங்களில் மாக்னெட்டோ எனப்படும் பொறிதட்டும் கருவிகள் இரண்டு தனித்தனியே உள்ளன. ஒன்று கெட்டாலும் மற்றொன்று இயந்திரத்தை நடத்தும். இனிக் கார்புரேட்டர் உடைய இயந்திரங்களில் வியப்பான ஒரு பகைவன் உண்டு, அது பனிக்கட்டி. பெட்ரோல் ஆவியாகும்போதும், காற்று குறுகிய கழுத்தின் வழியே விரைந்து செல்லும்போதும் வெப்பம் மிகக் குறைகின்றது. ஆதலின் ஈரம் மிகுந்த காற்றாயின், வெளியே 25 பாகை வெப்பம் உள்ள நாளிலும் கார்புரேட்டரினுள்ளே பனிக்கட்டி படிந்து மூச்சை அடைத்துவிடும். அதற்கெனச் சூடான காற்றைச் செலுத்தும் பிடி ஒன்று விமானியின் கைக்கு எட்டுமாறு அமைந்துள்ளது. தமிழ்நாட்டு வெயிலில் வளர்ந்த ஒருவனுக்கு, உறைபனியால் இயந்திரம் நின்றிருக்கும் என்ற நினைவு தானாகத் தோன்றுமோ? பழகினாலன்றித் தோன்றாது.

இத்துறையில் உயிரைக் கொள்ளைகொள்ளும் பிழைகளுள் தலையாயது ஒன்று உண்டு. ஓடுதளத்தினின்று எழுந்த சில நூறு அடிகளிலேயே இயந்திரம் நின்றுவிடுமாயின், விமானியின் உள்ளம் புறப்பட்ட இடத்திற்கே திரும்பத் துடிக்கின்றது. அங்கே நல்ல தளம் இருக்கின்றது, நண்பர் இருக்கின்றனர், தீயணைக்கும் வண்டி இருக்கின்றது. முன்னேயோ முட்புதரும் வயலும் கிடக்கின்றன. ஆனால் விமானம் சாய்ந்து திரும்பும்போது, அதனைத் தாங்குதற்கு வேண்டிய வேகம் மிகுகின்றது. 45 பாகை சாய்ந்தால், தாங்குவிசை இழக்கும் வேகம் நூற்றுக்கு 19 பங்கு உயர்ந்துவிடும். உயரமும் வேகமும் குறைந்திருக்கும் அந்நிலையில் திரும்புவோர் பலர் சுழன்று வீழ்ந்து மடிந்துள்ளனர். ஆதலின் உயரம் போதாதபோது ஏறத்தாழ நேர் எதிரே உள்ள நிலத்திலேயே இறங்குக என்று கற்பிக்கின்றனர். விமானம் உடைந்தாலும் உடையட்டும். உள்ளே இருப்போர் பிழைத்தல் வேண்டும். வீடு நோக்கும் நெஞ்சை அடக்கி, கரடுமுரடான முன்னிலத்தை ஏற்பது எளிதன்று. எழுமுன்னரே, "இவ்வளவு உயரத்திற்குள் நின்றால் யான் திரும்பேன்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளும் வழக்கம் அதனாலேயே ஏற்பட்டது. முடிவை மண்ணில் எடுக்கின்றனர்; வானில் அதனை நிறைவேற்ற மட்டும் செய்கின்றனர்.

மாந்தர் மனம் அதிர்ச்சியில் எவ்வாறு தடுமாறும் என்பதற்குப் பெருவிமானம் ஒன்றின் வரலாறும் சான்றாகும். 2009 ஆம் ஆண்டு சனவரி 15 ஆம் நாள், நியூயார்க்கு நகரின் லகுவார்டியா நிலையத்தினின்று எழுந்த ஏர்பஸ் விமானத்தின் இயந்திரங்கள் இரண்டும் பறவைக்கூட்டம் புகுந்ததால் வலியிழந்தன. தலைமை விமானி சல்லன்பர்கரும் துணைவிமானி ஸ்கைல்சும் அதனை ஹட்சன் ஆற்றில் இறக்கினர். 155 பேரும் பிழைத்தனர். பின்னர் நடந்த விசாரணையில், நிலையத்திற்கே திரும்பியிருத்தல் கூடுமோ என்று போலிவிமானக் கருவியிற் சோதித்தனர். என்ன நேரப்போகின்றது என்று முன்னரே அறிந்தவர், பறவை மோதிய நொடியிலேயே திருப்பியபோது, சில முறை தளத்தை அடைய முடிந்தது. ஆனால் நிகழ்ந்ததை உணர்ந்து முடிவு செய்வதற்கென 35 நொடி கழித்துத் திருப்பியபோது அடைய முடியவில்லை. அந்த 35 நொடியே மாந்தனுக்கும் பொறிக்கும் உள்ள வேறுபாடு. அதனைக் குறைக்க வல்லது பயிற்சி ஒன்றே. முற்றிலும் நீக்க வல்லது எதுவும் இல்லை. ஆதலின், நாற்காலியில் அமர்ந்து, "இவர் இப்படிச் செய்திருக்கலாகாதா?" என்று வினவுவோர், தம் கையில் உள்ள ஓய்வு அவர் கையில் இருந்ததில்லை என்பதனை நினைதல் நன்று.

இனி, எடுத்துக்காட்டாக, எம் கம்பம் பள்ளத்தாக்கின் மேலே ஒரு பயிற்சி விமானம் செல்வதாகவும், உத்தமபாளையத்திற்கு நேர் மேலே அதன் இயந்திரம் ஓய்வதாகவும் வைத்துக்கொண்டு, இறங்கும் இடம் தேடுவோம். மண்ணில் நிற்பவனுக்கு எம் பள்ளத்தாக்கு கண்கொள்ளாக் காட்சி. முல்லைப் பெரியாற்று நீர் 1895 ஆம் ஆண்டு முதல் மலையைக் குடைந்து வந்து வளஞ்செய்த வயல்கள், தென்னந்தோப்புகள், வாழைத் தோட்டங்கள், 2023 ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சைப் பந்தல்கள். ஆனால் விமானியின் கண்ணுக்கு இவ்வழகெல்லாம் வேறாகத் தோன்றும். நீர் நின்ற நெல்வயலில் சக்கரம் புதைந்தால் விமானம் குப்புறக் கவிழும். தென்னந்தோப்பு தூண்கள் நிறைந்த மண்டபம். திராட்சைப் பந்தலோ கற்கால்களும் கம்பிகளும் விரித்த வலை. நெடுஞ்சாலையில் வண்டிகளும் ஓரத்து மரங்களும் மின்கம்பங்களும் உள்ளன. லோயர் கேம்ப் மின்னிலையத்தினின்று வரும் உயரழுத்தக் கம்பிகள் மேலிருந்து நோக்குவார்க்குப் புலப்படா; கம்பியைத் தாங்கும் கோபுரங்களைக் கண்டே கம்பி உண்டென்று உய்த்துணர்தல் வேண்டும். ஆண்டிபட்டிப் பக்கம் செல்லின் காற்றாலைகள் நிற்கின்றன.

காற்றையும் எண்ணுதல் வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் மேலைமலையைத் தாண்டி வரும் காற்று, பள்ளத்தாக்கின் பக்கம் சரிந்து இறங்குகின்றது. அவ்விறங்கு காற்றில் அகப்பட்ட விமானம், நூலிற் கண்ட கணக்கினும் விரைவாக உயரத்தை இழக்கும். எட்டுக் கிலோமீட்டர் என்று நம்பியது ஐந்தாகலாம். காற்று ஒரு வகையில் நண்பனும் ஆகும். எதிர்காற்றில் இறங்கும் விமானம் தரையைத் தொடும் வேகம் மணிக்கு 40 கடல்மைல் எனின், அதே காற்றைப் பின்னே வைத்து இறங்கும்போது அது 60 ஆகலாம். மோதலின் வலிமை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், இஃது இரண்டேகால் மடங்கு வேறுபாடாகும். கீழே எழும் புகையும், அசையும் தென்னங்கீற்றும், கண்மாயில் ஓடும் அலையும் காற்றின் திசையை அறிவிக்கும் தூதர்கள்.

அவ்வாறாயின் எங்கேதான் இறங்குவது? அறுவடை முடிந்து காய்ந்த வயல், உழாத புன்செய், ஆளில்லாத புதிய சாலைத்துண்டு ஆகியவை எம் பள்ளத்தாக்கில் இல்லாமற் போகவில்லை. ஆனால் நான்கு நிமிடத்தில் அவற்றைத் தேடத் தொடங்குபவன் காணான். இயந்திரம் நன்றாக ஓடும்போதே, "இங்கே நின்றால் அங்கே இறங்குவேன்" என்று வழிநெடுக நிலத்தைக் குறித்துக்கொண்டு வருபவனே காண்பான். நல்ல ஆசிரியர் பறக்கும்போது இடையிடையே மாணவனை நோக்கி, "இப்போது நின்றால் எங்கே?" என்று வினவுவாராம். அவ்வினாவிற்கு எப்போதும் விடை வைத்திருப்பவன், இடர் வருமுன்னரே அதிற் பாதியை வென்றவன்.

கற்பனையை விட்டு, எம் மலைக்கு அப்பால் மெய்யாக நிகழ்ந்த ஒன்றையும் கூறுவேன். குமுளியைத் தாண்டி, கேரளத்து இடுக்கி மாவட்டத்தில், வண்டிப்பெரியாற்றுக்கு அருகே சத்திரம் என்னும் ஊரில், தேசிய மாணவர் படையினர் சிறுவிமானப் பயிற்சி பெறுதற்கென 650 மீட்டர் நீளமுள்ள ஓடுதளம் ஒன்று அமைக்கப்பட்டது. 2022 ஆம் ஆண்டு ஏப்பிரலில் வைரஸ் எஸ்.டபிள்யூ. 80 என்னும் இருவர் அமரும் விமானம் அங்கே வெள்ளோட்டமாக இறங்க வந்தது. தளத்தின் அருகே இருந்த மண்மேடு இடையூறாக நின்றமையால், விமானிகள் இறங்காமலே திரும்பிச் சென்றனர். காண வந்தோர்க்கு ஏமாற்றமே. ஆயினும் இடையூறு சீர்செய்யப்பட்டபின், அவ்வாண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாளில் அவ்வகை விமானம் அங்கே நலமே இறங்கிற்று. இங்கு இயந்திரக்கோளாறு இல்லை. எனினும் நெருக்கடியைக் கையாளும் கலையின் மறுபாதி இங்கே விளங்குகின்றது. கூட்டம் கூடியிருக்கின்றது, பலர் எதிர்பார்க்கின்றனர் என்பதற்காக இறங்காமல், "இன்று வேண்டா" என்று திரும்புதலும் விமானியின் திறமே. நெருக்கடியை வெல்லுதல் நன்று. அதனை வாராமற் தடுத்தல் அதனினும் நன்று.

இத்தடுப்பு வேலை நாள்தோறும் காலையில் தொடங்குகின்றது. பறக்குமுன் தொட்டியின் அடியிலிருந்து சிறிது பெட்ரோலைக் கண்ணாடிக் குவளையில் வடித்து, நீர் கலந்துளதா என்று மாணவன் நோக்குகின்றான். நீர் கனமானதாதலின் அடியிற் தங்கிக் கண்ணுக்குத் தெரியும். எண்ணெயின் அளவை அளக்கின்றான். முன்னுள்ள விசிறியின் விளிம்பைத் தடவி வெடிப்பு உண்டோ என்று பார்க்கின்றான். ஓடுமுன் இரு மாக்னெட்டோக்களையும் ஒவ்வொன்றாக அடைத்துச் சோதிக்கின்றான். குறை தோன்றின் பறத்தலை நிறுத்துகின்றான். அவ்வாறு நிறுத்திய மாணவனை, "அஞ்சினான்" என்று நகைக்கும் பள்ளி பள்ளியன்று. அவன் முதுகைத் தட்டிப் பாராட்டுவதே பள்ளி.

இத்துணையும் யான் விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. இந்நாளில் எம் மாவட்டம் போன்ற உட்பகுதிகளிலிருந்தும் பிள்ளைகள் விமானிகளாக விழைகின்றனர். வணிக விமானியின் உரிமம் பெறுதற்கு நம் நாட்டில் 200 மணி நேரம் பறந்திருத்தல் வேண்டும். அதற்கு ஆகும் செலவோ பல இலட்சம். தோட்டத்தை ஈடுவைத்தும், நகையை விற்றும் பெற்றோர் அப்பொருளைத் திரட்டுகின்றனர். 2022 ஆம் ஆண்டு பிப்ரவரியில், தெலங்கானத்தின் நல்கொண்டா மாவட்டத்தில் தனியே பறந்து பயின்ற தமிழ்நாட்டு மாணவி ஒருவர், விமானம் வீழ்ந்து உயிர் நீத்தார். அவர் இழப்பிற்கு யார்மீதும் குற்றம் சுமத்த எனக்கு உரிமையில்லை. ஆனால் வானில் தனியே அமர்ந்திருப்பவர் நம் வயதுடைய ஒருவர் என்பதனையும், அந்நிமிடத்தில் அவர்க்குத் துணை அவர் பழகிய பழக்கமே என்பதனையும் அச்செய்தி நம் நெஞ்சில் எழுதிவிட்டது.

ஆதலின் பெற்றோர் விமானப் பள்ளியை நோக்கி, "எத்தனை திங்களில் உரிமம் கிடைக்கும்? எவ்வளவு குறைத்துக்கொள்வீர்கள்?" என்று மட்டும் வினவுதல் போதாது. "என் மகன் தனியே பறக்குமுன், இயந்திரம் ஓய்ந்தாற்போல் வைத்து இறங்கும் பயிற்சி எத்தனை முறை தருவீர்கள்? என் மகள் ஐயம் கொண்டு பறக்க மறுத்தால் அவளை யாது சொல்வீர்கள்?" என்று வினவுதல் வேண்டும். அப்பயிற்சி கடினமான ஒன்றன்று. ஆசிரியர் வானில் இயந்திரத்தின் விசையைத் திடீரெனக் குறைத்துவிட்டு, "நின்றுவிட்டது" என்கின்றார். மாணவன் வேகம் அமைத்து, இடம் தேர்ந்து, கைகளால் ஒவ்வொரு பிடியையும் தொட்டு, வாயால் ஒவ்வொன்றையும் சொல்லி, இறங்கி வருகின்றான். தக்க உயரத்தில் ஆசிரியர் மீண்டும் விசை தந்து மேலேற்றுகின்றார். ஒரு முறையன்று, கை தானே செல்லும் அளவும் இது நடைபெறல் வேண்டும்.

இதற்கு மறுப்புக் கூறுவாரும் உளர். "இந்நாளைய இயந்திரங்கள் மிக நல்லவை, ஓய்வது அரிது. அரிதாக வருவதற்கு விலைமிக்க நேரத்தைச் செலவிடல் ஏன்? மாணவர் உள்ளத்தில் அச்சத்தை விதைப்பது ஏன்?" என்பர். அரிதாக வருவதாலேயே பழகுதல் வேண்டும் என்பேன். நாள்தோறும் வருவதை நாளே கற்பிக்கும். வாழ்நாளில் ஒருமுறை வருவதை ஆசிரியரே கற்பித்தல் வேண்டும். அச்சத்தைப் பற்றியோ எனின், அறியாததே அச்சத்தை வளர்க்கும். அறிந்தது எச்சரிக்கையை வளர்க்கும். பத்து முறை இறங்கிப் பார்த்தவன் பதினோராம் முறை நடுங்கான்.

"எல்லாம் பயிற்சியே என்றால், நன்கு பயின்றவரும் மாண்டது எவ்வாறு?" என்று வினவுவாரும் உண்டு. வினா நேரியது. பயிற்சி எல்லா இடரையும் வெல்லும் என்று யான் கூறவில்லை. மலைச்சரிவும் இருளும் மேகமும் சூழ்ந்தவிடத்து, நால்வகையிற் சிறந்தவனும் தோற்கலாம். அவ்வாறு தோற்றவரை இகழ்தல் அறமன்று. பயிற்சி செய்வது ஒன்றே: பிழைத்தற்குரிய வழி ஒன்று இருக்குமாயின், அதனை அவன் காணாது போகாதபடி காக்கின்றது. அவ்வளவே அதன் எல்லை. அவ்வளவே அதன் பெருமை.

தமிழ் பயில்வார்க்கு இவ்வுண்மை புதிதன்று. திருக்குறளில் இடுக்கண் அழியாமை என்பது 63 ஆம் அதிகாரம். துன்பத்திற் கலங்காமையைக் கூறும் அவ்வதிகாரத்திற்கு முன்னே நிற்பன எவை? ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என்னும் மூன்று. முயற்சியைக் கூறியபின்னரே கலங்காமை கூறப்படுகின்றது. ஊக்கம் கொண்டு, சோம்பலை நீக்கி, இடைவிடாது முயன்றவன் வாயிலிலேயே அமைதி வந்து நிற்கும் என்பதனை அவ்வைப்புமுறையிலும் நாம் கண்டுகொள்ளலாம். பாடலைப் பொருளுணர்ந்து ஓதும் நாம், அதிகாரங்களின் வரிசையையும் ஊன்றி நோக்குதல் தகும்.

கல்லூரித் தோழர்களே, நம்மிற் பெரும்பாலார் விமானம் ஓட்டப்போவதில்லை. ஆயினும் நம் ஒவ்வொருவர் வாழ்விலும் ஏதேனும் ஓர் இயந்திரம் ஒருநாள் ஓயும். விடுதியில் தீப்பற்றினால் நீரூற்றும் வாளி எங்குளது என்று நம்மில் எத்தனைபேர் அறிவோம்? ஆற்றில் வீழ்ந்தவனைக் கரையேற்றியபின் அவன் மூச்சை மீட்கும் முறையை எத்தனைபேர் கைகளாற் செய்து பார்த்துள்ளோம்? நூலிற் படித்தோம் என்போம்; நூல் அவ்வேளையிற் கைக்கு வராது. ஆதலின் விமானப் பள்ளியின் வழக்கம் ஒன்றை நம் கல்லூரியும் கைக்கொள்ளல் வேண்டும் என்பது என் வேண்டுகோள். முதலுதவியையும் தீத்தடுப்பையும் ஆண்டுதோறும் ஒவ்வொரு மாணவரும் கையாற் செய்து காட்டுமாறு ஒரு நாள் ஒதுக்குக. அதற்கு வேண்டுவன ஒரு முற்றமும் ஒரு பிற்பகலுமே.

மற்றொன்றும் உண்டு. எங்கேனும் ஒரு சிறு விமானம் நம் வயலிலோ சாலையிலோ இறங்குமாயின், நாம் செய்யவேண்டுவன சிலவே: புகைபிடியாது விலகி நிற்றல், உள்ளிருப்போர்க்கு வெளியேற வழிவிடுதல், சாலையில் வரும் வண்டிகளை நிறுத்துதல், அதிகாரிகளுக்கு அறிவித்தல். இறக்கையின்மேல் ஏறிப் படம் எடுத்தல் இவற்றுள் இல்லை.

அருளை நம்புவோர் நம்புக. வீரத்தைப் புகழ்வோர் புகழ்க. அவற்றோடு, ஒவ்வொரு காலையிலும் தொட்டியின் அடியில் நீரைத் தேடும் அம்மாணவனையும், பொய்யாக இயந்திரத்தை நிறுத்தி மெய்யாக உயிரைக் காக்கும் அவ்வாசிரியரையும் நினைக. இயந்திரம் ஓயும் நாள் எந்நாள் என்பது எவர்க்கும் தெரியாது. பயிலும் நாள் இந்நாள் என்பது யாவர்க்கும் தெரியும். பயில்வோமாக!